ஒட்டி வெச்சவர் எழுதாம விட்டது

அரசியல் எழுத்தாளர்னாலே நம்மாளுங்க உடனே டைரி இருக்கா, கடிதம் இருக்கான்னுதான் தேடுவாங்க. பேப்பர்ல இருந்து வெட்டி ஒட்டின நோட்டுன்னு ஒண்ணு இருந்தா யாரும் பெருசா மதிக்கறதில்ல, அதுல அவரோட வரி ஒண்ணு கூட இல்லையே, எல்லாம் பேப்பர்காரன் எழுதினதுதானேன்னு தள்ளி வெச்சுடுவாங்க. அந்த மாதிரி ஒரு நோட்டு என் கைக்கு வந்தப்ப எனக்கும் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்ல, பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணிக் குடுக்கணும், அவ்வளவுதான். வேலை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஆனா அதுல நாலு பக்கம் மட்டும் மண்டைய விட்டுப் போக மாட்டேங்குது, அதைப் பத்தி நானும் ரெண்டு மூணு பேரும் போட்ட சண்டையும் இன்னும் முடியல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

அவர் பேரைச் சொல்லப் போறதில்ல, பெரியவர்னே வெச்சுக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து 1950கள்ல பம்பாய்க்கு வந்து தாராவில ஒரு தோல் கிடங்குல கணக்கு எழுதினவர். பகல்ல கணக்கு, ராத்திரி கழகம், அதாவது திமுக. நாடகம் எழுதுவார், மேடைல பேசுவார், துண்டறிக்கை அடிப்பார், கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார். தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடான்னு அந்தக் காலத்துல நம்ம ஊர்க்காரங்க எங்க இருந்தாலும் அங்க ஒரு படிப்பகம் இருக்கும், ஒரு கொடிக்கம்பம் இருக்கும், இவர மாதிரி ஒருத்தர் இருப்பார். புத்தகமா வந்தது கம்மி, ஆனா பேர் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க. அவர் போனதுக்கப்புறம் வீட்ல இருந்த பேப்பர் கட்டையெல்லாம் மகன் ஒரு சங்கத்தோட வாசகசாலைக்குக் குடுத்துட்டார். நூற்றாண்டு வருதுன்னு சங்கத்துல மலர் போட முடிவு பண்ணினாங்க, எனக்கு ஸ்கேன் பண்ணத் தெரியும்னு யாரோ சொல்லிட்டாங்க, ஞாயித்துக்கிழமைல செம்பூர்ல இருந்து பஸ் ஏறிப் போய் உக்காந்தேன்.

பேரேட்டுக்குள்ள

நோட்டுன்னு சொல்றேனே தவிர அது நோட்டு இல்ல, பேரேடு. கிடங்குல வேணாம்னு ஒதுக்கின பழைய கணக்குப் பேரேடு, செகப்புத் துணி அட்டை, பற்று வரவு கோடு போட்ட கனமான தாள். அதுலதான் ஒட்டியிருக்கார். ஒட்டு விட்ட எடத்துல ஆட்டுத்தோல் இத்தனை, கழிவு இத்தனைன்னு யாரோ எழுதின பழைய கணக்கு எட்டிப் பாக்கும், அதுக்கு மேல அண்ணா பேச்சு இருக்கும். மொதல் பாதி பூராவும் மைதாப் பசை, அதனால ராமபாணப் பூச்சி நல்லா விருந்து சாப்பிட்டிருக்கு, பக்கத்துக்குப் பக்கம் ஊடுருவி ஓட்டை. பின்பாதில கடைல வாங்கின வெள்ளைப் பசை, அந்தப் பக்கம் பூச்சி அவ்வளவா போகல. அங்கங்க செல்லோடேப், அது இப்போ பழுப்பாகி கறையை மட்டும் விட்டுட்டு உதிர்ந்து போச்சு. கீழ் ஓரம் முழுக்க தண்ணிக் கறை. 2005 ஜூலை 26, சாந்தாகுருஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டின அன்னிக்கு, வீட்ல இடுப்பளவு தண்ணி வந்துச்சாம். மகன் மொதல்ல தூக்கினது கேஸ் சிலிண்டர், ரெண்டாவது இந்தப் பேரேடு. அதை அவர் ஒரு பெருமையா சொல்லல, அம்மா இன்னும் திட்டுதாவன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

இந்த மாதிரி நோட்டை சாதா ஸ்கேனர்ல கவுத்துப் போட்டு அமுக்கக் கூடாது, முதுகு ஒடிஞ்சுடும், ஒட்டினது கையோட வந்துடும். மேல கேமரா வெச்சு, ரெண்டு பக்கமும் விளக்கு வெச்சு, பக்கத்தைத் திறந்த மேனிக்கு எடுக்கணும். மடிச்சு ஒட்டின வெட்டா இருந்தா மடிச்சபடி ஒண்ணு, விரிச்சு ஒண்ணு. பின்பக்கம் தெரிஞ்சா அதையும் ஒண்ணு. மெதுவான வேலை. மெதுவா பண்ணும்போது என்னாகும்னா நாம படிக்க ஆரம்பிச்சுடுவோம்.

1956 டிசம்பர்ல ஆரம்பிக்குது. அம்பேத்கர் டெல்லில காலமாகி, உடம்பை இங்க கொண்டு வந்து தாதர் கடற்கரைல எரியூட்டின செய்தி. அதுக்கு அப்புறம் கொஞ்சம் சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டம், நெறைய கழகம். 1957ல 15 சீட், 1962ல 50 சீட், 1967ல ஆட்சி, ஒவ்வொண்ணுக்கும் பக்கம் பக்கமா இருக்கு. 1965 மொழிப் போராட்டத்துக்கு மட்டும் ஒரு கட்டு. தமிழ் பேப்பர் அப்ப ரயில்ல வந்து சேரணும், ஒரு நாள் ரெண்டு நாள் பிந்தும், அதனால ஒரே செய்திக்கு மொதல்ல பம்பாய் இங்கிலீஷ் பேப்பர் வெட்டு, அப்புறம் தமிழ் வெட்டுன்னு ரெண்டு தடவை வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் மேல நீல மைல பேப்பர் பேரும் தேதியும். கணக்குப்பிள்ளை கை, அழகா சாஞ்ச எழுத்து. அதைத் தவிர ஒரு கமென்ட் கெடையாது, ஒரு ஆச்சரியக்குறி கெடையாது. மேடைல தீயாப் பேசின மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க, இங்க வாயே திறக்கல.

எனக்கு மொதல்ல ஆச்சரியமா இருந்தது எதிரி பேப்பர்தான். 1960ல, பின்னாடி சிவசேனாவை ஆரம்பிச்ச பால் தாக்கரே, மார்மிக்னு ஒரு மராட்டி வாரப் பத்திரிகை ஆரம்பிச்சார் இல்லையா, அதுல இந்தந்தக் கம்பெனில இத்தனை தென்னிந்தியங்கன்னு பேர்ப் பட்டியல் போடுவாங்க, வாசா ஆணி தண்ட பசான்னு தலைப்பு வெச்சு, அதாவது படிச்சுட்டு சும்மா கிடன்னு மராட்டிக்காரனை உசுப்பி விடற கிண்டல். அந்தப் பட்டியல்களைப் பெரியவர் விடாம வெட்டி ஒட்டியிருக்கார். கழகத் தலைவர்கள் படத்தை விட இது அதிகம்னு தோணுது. சில பேருக்கு அடில செகப்புப் பென்சில் கோடு, பக்கத்துலயே சின்னதா அந்த ஆள் எந்த லைன்ல குடியிருக்கார்னு குறிச்சிருக்கார். இதுக்காகவே மராட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டாராம், தெருமுனை பான் கடைக்காரர்தான் வாத்தியார். நமக்குப் பிடிச்சதை ஒட்டி வெக்கறதுதான் இந்த மாதிரி நோட்டுன்னு நெனைப்போம். இவர் தன்னைக் குத்தினதை ஒட்டி வெச்சிருக்கார், பின்னாடி யாராவது அப்படியெல்லாம் நடக்கவே இல்லைன்னு சொன்னா தூக்கிக் காட்டறதுக்கு.

வெளிநாட்லயும் இப்படி உண்டு. இங்கிலீஷ் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1930கள்ல மூணு வால்யூம் நிறைய பேப்பர் வெட்டு சேர்த்து வெச்சிருக்காங்க, இப்போ சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல இருக்கு. பொம்பளைங்க வேலைக்கு வரக் கூடாதுன்னு எழுதினவன், பதக்கம் மாட்டிக்கிட்டு நிக்கறவன், இவனுங்களைத்தான் அதிகம் ஒட்டியிருக்காங்க, அதையெல்லாம் வெச்சு 1938ல ஒரு புத்தகமே எழுதிட்டாங்க. அந்தப் புத்தகத்துல ஸ்பெயின் போர்ல செத்த கொழந்தைங்க போட்டோவைப் பத்தித் திரும்பத் திரும்பப் பேசுவாங்க, ஆனா அச்சுல அந்தப் போட்டோ வராது. அச்சுல வர்ற அஞ்சு போட்டோவும் ஜெனரல், நீதிபதி, பேராயர்னு அங்கி போட்ட பெரிய மனுஷங்க. ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட் நாடு விட்டு நாடு ஓடிக்கிட்டே போர்ப் படங்களை வெட்டி ஒட்டி, ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு வரி எழுதினார், 1955ல அது புத்தகமா வந்துச்சு. ரெண்டு பேருமே ஒட்டினாங்க, ஒட்டினதை வெச்சு எழுதினாங்க. இதை இங்க ஏன் சொல்றேன்னா பெரியவர் விஷயத்துல எனக்கு முள்ளு தைச்சது இந்த எடத்துலதான்.

அந்த ஒன்றரை மாசம்

1968 டிசம்பர் கடைசில இருந்து 1969 பிப்ரவரி நடு வரைக்கும் நடந்ததை மட்டும் வரிசையா வெச்சுப் பாருங்க. டிசம்பர் 25 ராத்திரி தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணில தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைக் குடிசையோட எரிச்சாங்க. ஜனவரி 14 பொங்கலன்னிக்கு மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடுன்னு அதிகாரபூர்வமா ஆகுது. பிப்ரவரி 3 அண்ணா போய்ட்டார். பிப்ரவரி 7, பம்பாய்ல மொரார்ஜி தேசாய் வந்த காரை மாஹிம்ல சிவசேனாக்காரங்க மறிக்கறாங்க, பெல்காம் மகாராஷ்டிராவுக்கா மைசூருக்காங்கற எல்லைப் பிரச்சனை, அன்னிக்கு ஆரம்பிச்ச கலவரம் நாலு நாள் ஓடி 50 பேருக்கும் மேல செத்தாங்க, தென்னிந்தியர் ஹோட்டல் கடையெல்லாம் உடைஞ்சது. பம்பாய்ல இருந்த ஒரு கழகத் தமிழனுக்கு சந்தோஷம், சாவு, உயிர்ப்பயம் மூணும் ஒரே மூச்சுல வந்த நேரம் அது. இந்தக் காலத்துக்குன்னு பேரேட்டுல பத்துப் பன்னெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கார். தமிழ்நாடு பேர் மாத்தம் ஒரு முழுப் பக்கம், எழுத்துல மஞ்சள் தடவியிருக்கார், பொங்கல்னு மஞ்சளையே எடுத்துத் தடவிட்டார் போல. அண்ணா ஊர்வலம் நாலு பக்கம், கூட்டத்தைப் பாத்தா தாளே நெளியற மாதிரி இருக்கு. கலவரம் மூணு பக்கம், உடைஞ்ச கண்ணாடி, எரிஞ்ச பஸ்.

வெண்மணி இல்ல.

நான் ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்குமோன்னு திரும்பத் திரும்பப் பாத்தேன், இல்ல. சரி, அவர் எழுதினதுல இருக்கும்னு அதே கட்டுல இருந்த கையெழுத்துப் பத்திரிகைய எடுத்தேன். பிப்ரவரி இதழ்ல அண்ணாவுக்கு இரங்கற்பா, பதினாறு பக்கம், அழாமப் படிக்க முடியாது, உண்மையாவே நல்லா எழுதியிருக்கார். மார்ச் இதழ்ல கலவரத்தப்ப லேபர் கேம்ப்ல ராத்திரி காவல் இருந்ததைப் பத்தி ஒரு கட்டுரை, அதுவும் அருமை. ஜனவரி இதழ்ல தமிழ்நாடு வாழ்க. வெண்மணின்னு ஒரு சொல் எங்கயும் இல்ல. அரைப்படி நெல் கூலி ஒசத்திக் கேட்டதுக்கு, செங்கொடி சங்கத்தை விட மாட்டோம்னு சொன்னதுக்கு, ஒரே குடிசைக்குள்ள 44 பேர எரிச்ச ராத்திரி. செத்தவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க, கொழந்தைங்க. பெரியவர் மேடைல ஜாதி ஒழிப்பு பேசினவர், அம்பேத்கர் சாவுல நோட்டை ஆரம்பிச்சவர், சுத்தி வாழ்ந்த ஜனங்கள்ல பாதிக்கு மேல சேரில இருந்து பொழைக்க வந்தவங்க. அவர் கட்சி ஆட்சில இருந்தது. அப்போ அவர் எழுதல.

இதை என் தோழிகிட்ட போன்ல சொன்னேன், தாராவில வீட்டு வேலை செய்யற பெண்கள் சங்கத்துல இருக்கா, நறுக்குன்னு பேசுவா. இதுல உனக்கு என்ன ஆச்சரியம், கட்சிக்காரன் கட்சிக்காரன்தான்னு ஒரே வரில முடிச்சுட்டா. அவ சொன்னதை எதிர்த்துப் பேச அன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.

மடிச்ச பேப்பர்

1972 அக்டோபர்ல எம்ஜிஆரைக் கட்சியில இருந்து நீக்கின செய்தி, அண்ணா திமுக ஆரம்பிச்ச செய்தி எல்லாம் தாண்டி, பெரியாரோட மரணத்துக்கு, அதாவது 1973 டிசம்பர் 24க்கு, கொஞ்சம் முன்னாடி ஒரு எடத்துல நாலு பக்கம் வருது. மொதல் பக்கத்துல ஒரே ஒரு தமிழ் பேப்பர் வெட்டு. வெண்மணிச் செய்தி. மேல பேப்பர் பேர் எழுதல, தேதி மட்டும், 1968 டிசம்பர். அடுத்த மூணு பக்கத்துலயும் இங்கிலீஷ்ல ஒரு கட்டுரை, வரிக்கு வரி செகப்புப் பென்சில். இடதுசாரித் தலைவர் மைதிலி சிவராமன் எழுதினது, எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லில 1973 மே மாசம் வந்தது. இந்தப் பத்திரிகை எங்க இருந்து வருதுன்னு தெரியும்ல, நம்ம பம்பாய்ல இருந்துதான். கீழ் கோர்ட் தண்டிச்ச மிராசுதார்களை மெட்ராஸ் ஹைகோர்ட் விட்டுருச்சு, அவ்வளவு பெரிய பணக்காரங்க, கார் வெச்சிருக்கவங்க, அவங்களே நேர்ல நடந்து போய்க் குடிசைக்குத் தீ வெச்சிருப்பாங்கன்னு நம்பறது கஷ்டம்கற மாதிரி சொல்லி விட்டுருச்சு, அதைப் பத்தின கட்டுரை அது.

இதுவரைக்கும் படிச்சா, சரி, 1973ல தீர்ப்பு வந்தப்ப உறைச்சிருக்கு, பழைய பேப்பர் எங்கயாவது தேடிப் புடிச்சு சேத்து ஒட்டியிருக்கார்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வெளக்க ஒரு பக்கம் அணைச்சுட்டு இன்னொரு பக்கத்துல இருந்து மட்டும் அடிச்சா தாள்ல இருக்கற மேடு பள்ளம் எல்லாம் தெரியும், மடிப்பைப் பதிவு பண்றதுக்காக அப்படி ஒரு ஷாட் எடுப்பேன். அப்போதான் அந்தத் தமிழ் வெட்டைச் சரியாப் பாத்தேன். எட்டா மடிச்ச தடம். சும்மா ஒரு தடவை மடிச்சுப் பிரிச்ச தடம் இல்ல, மடிப்பெல்லாம் கறுத்துப் போய், நூல் நூலா இத்துப் போய், மடிப்பு சந்திக்கற எடத்துல ஓட்டை விழுந்து, அந்த ஓட்டைக்குப் பின்னாடி பேரேட்டு வெள்ளை தெரியுது. ஓரம் எல்லாம் வேர்வைல ஊறின மாதிரி மங்கல். அந்தப் பேரேட்டுல வேற எந்த வெட்டும் இப்படி இல்ல, எல்லாம் கத்தரிச்ச சூட்டோட ஒட்டினது, விரைப்பா இருக்கும். பூச்சி ஓட்டையும் இதுல இல்ல, பசையும் பின்னாடி காலத்துப் பசை. இது நாலரை வருஷம் வேற எங்கயோ இருந்திருக்கு.

அண்ணாச்சிக்கு, அதாவது பெரியவர் மகனுக்கு, போன் பண்ணினேன். எழுபது தாண்டினவர், முலுண்டுல இருக்கார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பதில் இல்ல, அப்புறம் சொன்னார், "அது அப்பா பர்சுல இருந்துது ம்மா. சம்பளக் கவர் வைக்கிற அறை ஒண்ணு இருக்கும்லா, அதுல. நான் சின்னப்பய, காசு இருக்கான்னு பாப்பேன், இந்தப் பேப்பர்தான் இருக்கும். என்னதுன்னு கேட்டா எடுத்த எடத்துல வைலேன்னு சொல்லுவாவ."

நான் கேட்டேன், அப்போ ஏன் அண்ணாச்சி எழுதல?

"எழுதினா யாரு போட்டிருப்பா? அண்ணா படுக்கைல கெடக்காவ, ஆட்சி வந்து ரெண்டு வருசங்கூட ஆவல, இங்கன வேற மதராசிய வெரட்டுன்னு நிக்கான். அப்ப போய் நம்ம ஆளையே எழுதச் சொல்லுதியா?" கொஞ்சம் கோவமாத்தான் கேட்டார். அப்புறம் அவரே எறங்கி வந்து, "ஆனா அப்பா ஒளிச்சு வைக்கல்லியே ம்மா, ஒட்டில்லா வச்சிருக்காவ"ன்னார்.

இந்த ஒரு வாக்கியத்தை வெச்சுக்கிட்டு நான் எவ்வளவு நாள் அல்லாடினேன்னு சொல்லி மாளாது. ஹார்பர் லைன் ரயில்ல நின்னுக்கிட்டு வரும்போதெல்லாம் இதே நெனப்பு. தோழிகிட்ட பர்ஸ் கதையச் சொன்னேன், அவ எளகுவான்னு எதிர்பார்த்தேன், அவ இன்னும் சூடாய்ட்டா. பர்சுல வெச்சுக்கிட்டு சுத்தினது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் நடந்த விவகாரம், அதுல வெண்மணிக்காரங்களுக்கு என்ன கெடைச்சுது, எழுதத் தெரிஞ்சவன் எழுதறதுதானே அவன் வேலை, இரங்கற்பா பதினாறு பக்கம் எழுதின கைக்கு ஒரு பக்கம் எழுத முடியாதான்னு கேட்டா. நியாயம்தானே. ஒட்டறது எழுதறது ஆகாது. வுல்ஃப் வெட்டினாங்க, எழுதினாங்க. பிரெக்ட் நாலு வரியாவது போட்டார். மைதிலி சிவராமன் அந்த ஊர் ஜனங்க பக்கம் நின்னு எழுதினாங்க. இவர் அந்தக் கட்டுரைய வரிக்கு வரி கோடு போட்டுப் படிச்சுட்டு ஒட்டிட்டு, பேரேட்ட மூடிட்டார், அதுக்கப்புறம் வந்த கையெழுத்து இதழ்கள்லயும் ஒண்ணும் இல்ல.

ஆனா அண்ணாச்சி சொன்னதுலயும் ஒண்ணு இருக்கு. வெண்மணிச் செய்திய எங்க ஒட்டறதுன்னு பெரியவருக்குத் தெரியாம இல்ல. தேதிப்படி பாத்தா தமிழ்நாடு வாழ்க பக்கத்துக்கு முந்தின பக்கம், மஞ்சள் தடவின அந்தப் பக்கத்துக்குப் பக்கத்துல. அங்க ஒட்ட அவருக்கு மனசு வரல. தூக்கிப் போடவும் மனசு வரல. தன் கட்சிக்கு எதிரா இருக்கற சாட்சியை, தனக்கே எதிரா இருக்கற சாட்சியை, மார்மிக் பட்டியலை எப்படிப் பத்திரம் பண்ணாரோ அதே மாதிரி பத்திரம் பண்ணி, நம்ம கைல குடுத்துட்டுப் போயிருக்கார். இப்போ நானும் தோழியும் அவரை உக்கார வெச்சுக் கேள்வி கேக்கறோம்னா அதுக்கு வேண்டியதை அவரேதான் எடுத்து வெச்சிருக்கார். எழுதாம விட்டதுக்கு அவரை நான் விடப் போறதில்ல. ஆனா கேக்கறதுக்கு வழி வெச்சுட்டுப் போன எழுத்தாளர்கள் ரொம்பக் கம்மி, முக்காவாசிப் பேர் பிற்காலத்துல தன்வரலாறு எழுதும்போது, நான் அன்னிக்கே எதிர்த்தேனாக்கும்னு ஒரு வரி சேத்துக்குவாங்க. இவர் அப்படிச் சேக்கல, அந்தப் பக்கத்துல பேப்பர் பேரக் கூட சேக்கல.

மலர்ல எடம் இல்ல

ஸ்கேன் எல்லாம் முடிச்சு சங்கத்துல காட்டினேன். செயலாளர் நல்ல மனுஷர், எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் குடுத்து, ஃபேன் போட்டுவிட்டு, எல்லா வகைலயும் ஒத்தாசையா இருந்தவர். அம்பேத்கர் பக்கம் அருமை, அண்ணா பக்கம் பிரமாதம், மார்மிக் கூட போடலாம் வக்கீலைக் கேட்டுட்டு, எமர்ஜென்சில ஜனநாயகத்துக்குக் கருமாதி அறிவிப்பு மாதிரி டைம்ஸ் ஆஃப் இந்தியா பம்பாய் பதிப்பு வரி விளம்பரத்துல யாரோ நைசா போட்டுவிட்டாங்களே, 1975 ஜூன் 28, அந்தத் துணுக்கு கூட இருக்குன்னு கைதட்டினார். இந்த நாலு பக்கம் வந்ததும், "இது வேணாமேம்மா"ன்னார். மலர்ல வேணாம்னா சரி, மலர்ங்கறது வாழ்த்து மாதிரி, எடம் வேற கம்மி. ஆனா அவர் சொன்னது ஸ்கேன்லயே வேணாம்னு. சங்கத்துக்குக் குடுக்கற ஹார்ட் டிஸ்க்ல அந்த நாலு பக்கம் இருக்கக் கூடாது, பக்க எண்ணையும் தொடர்ச்சியாப் போட்டுடுங்கன்னார். அதாவது எடுத்ததே தெரியக் கூடாது.

அவர் பயம் பொய்யில்ல. இப்பல்லாம் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ புடிச்சு வாட்ஸப்ல விட்டா போதும், பாத்தியா உங்க ஆளோட லட்சணத்தன்னு நாலு க்ரூப் சுத்தி வந்துடும், அதை அனுப்பறவன்ல முக்காவாசிப் பேருக்கு வெண்மணி மேல ஒரு அக்கறையும் இருக்காது, கழகத்தைக் குத்த ஒரு ஊசி கெடைச்சுதுன்னுதான் அனுப்புவான். இதை செயலாளரும் சொன்னார், நானும் மறுக்கல. ஆனா அதுக்கு மருந்து முழுசா வெளிய வெக்கறதுதான், பர்ஸ்ல இருந்த மடிப்போட, மைதிலி சிவராமன் கட்டுரை மேல போட்ட செகப்புக் கோட்டோட. நாலு பக்கத்தை உருவிட்டு எண்ணை ஒழுங்கு பண்ணினா, பெரியவர் அன்னிக்கு செய்யாததை இன்னிக்கு நாம அவர் பேர்ல செய்யறோம். அவர் எழுதல, ஆனா கிழிக்கல. நான் இதைச் சொன்னதுக்கு செயலாளர், உங்களுக்குப் பம்பாய்க் கழகத்தைப் பத்தி என்னம்மா தெரியும், நீங்க பொறந்ததே எமர்ஜென்சிக்கு அப்புறம்தானேன்னார். அதுவும் உண்மைதான், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்.

எண்ணை மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். முழு ஸ்கேனையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல சங்கத்துக்கும் இன்னொண்ணு அண்ணாச்சிக்கும் குடுத்தேன். மலர் வந்துடுச்சு, வழவழ தாள், அண்ணா ஊர்வலம் ரெண்டு பக்கம், அந்த நாலு பக்கம் இல்ல, அதை நான் எதிர்பாக்கவும் இல்ல. இப்போ பிரச்சனை பேரேடு. அது வாசகசாலை பீரோவுக்குள்ள பூட்டுல இருக்கு, அந்துருண்டை போட்டு. வர்ற மழைக்கும் அந்தக் கீழ்த்தளத்துக்கும் நான் அதை நம்பி விட மாட்டேன். மெட்ராஸ்ல தரமணில ரோஜா முத்தையா நூலகம் இருக்கே, கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் ஒரு லட்சம் உருப்படி சேத்தது, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ்னு நம்மாளுங்க குப்பைல போடறதையெல்லாம் சேத்தவர், அதுல இருந்து 1994ல ஆரம்பிச்ச நூலகம், அந்த மாதிரி ஒரு எடத்துல குடுத்தா தாளையும் காப்பாத்துவாங்க, கேட்டு வர்றவங்களுக்குக் காட்டவும் செய்வாங்கன்னு அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அவருக்கு சம்மதம். சங்கம், எழுதிக் குடுத்தாச்சு, இனி எங்க சொத்துங்கறாங்க. "படிக்கக் குடுத்தேன், பூட்டவா குடுத்தேன்"ங்கறார் அண்ணாச்சி.

அடுத்த பொதுக்குழுல இதை வெச்சுடறதா அண்ணாச்சி சொல்லியிருக்கார், நானும் போறேன், தோழியும் வர்றேன்னிருக்கா, அவ வந்தா சத்தம் கொஞ்சம் கூடும். மும்பைல பழைய கழகக் குடும்பங்கள்ல இருந்து வந்தவங்க, லேபர் கேம்ப், கோலிவாடா பக்கம் இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். 1968ல இருந்து 1974 வரைக்கும் தாராவில அடிச்ச துண்டறிக்கை, கையெழுத்துப் பத்திரிகை, மாநாட்டு மலர் எதுவா இருந்தாலும், கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, பரண்ல இருந்து எறக்கிப் பாருங்க. என்கிட்ட இருக்கற கட்டுல ரெண்டு மூணு இதழ் விட்டுப் போயிருக்கு, வெண்மணி பத்தி அவர் ஒரு வரியாவது அதுல எழுதியிருக்காரான்னு நான் பாக்கணும்.